ஒளிவிட்ட கடிகாரங்கள்



ரேடியோ, ரேடியம் என்னும் இரு சொற்களைச் சற்று நோக்குங்கள். கதிர் என்று பொருள்படும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவை இவை இரண்டும். இப்பொழுது என் குரலை உங்கள் இல்லத்திற்குச் சுமந்து வருவதும் ஒருவகைக் கதிர்வீச்சுதான். ஒரு காலத்தில் இளம்பெண்கள் பலருடைய தாடை எலும்பை அரித்து, அவர்களை மண்ணுக்கு அனுப்பியதும் கதிர்வீச்சுதான். பெயர் ஒன்றாக இருப்பதனால் பொருளும் ஒன்று என்று எண்ணிவிடும் பிழை மிக எளிதில் நேர்வது. அப்பிழையை ஆசிரியனாகிய நானே செய்திருக்கிறேன். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

சென்ற பொங்கலன்று, கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் பேத்திக்கு அவளுடைய தாய்மாமன் ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். ஸ்மார்ட் வாட்ச் என்று அதனைச் சொல்கிறார்கள். மணி காட்டுவது அதன் வேலைகளுள் மிகச் சிறியது. நாடித் துடிப்பை எண்ணுகிறது. நடந்த தூரத்தைக் கணக்கிடுகிறது. பையிலுள்ள கைப்பேசியோடு கம்பியில்லாமல் உறவாடுகிறது. இரவில் விளக்கை அணைத்த பின்னர், அதன் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி கசிவதை என் மனைவி கண்டுவிட்டாள். "கழற்றி வை அம்மா, கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாது" என்றாள். "அதெல்லாம் ஒன்றும் இல்லை, பாட்டி" என்றாள் பேத்தி. வழக்கு என்னிடம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விஞ்ஞான பாடம் நடத்தியவன் நான். தீர்ப்பு ஒரு நொடியில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பச்சை ஒளி என்னை வேறொரு கடிகாரத்தினிடம் இழுத்துச் சென்றுவிட்டது.

1968ஆம் ஆண்டில் எனக்கு ஒன்பது வயது. என் பெரிய மாமா இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்தில் இருந்து ஊர் திரும்பியவர். அவரிடம் ஒரு 'ரேடியம் வாட்ச்' இருந்தது. அதன் முட்களும் எண்களும் இருளில் பசுமையாக ஒளிரும். எனினும், நான் கண்ட காலத்தில் அவ்வொளி மிகவும் மங்கிவிட்டது. ஒரு நாள் அதன் கண்ணாடி உடைந்தது. மாமா வெளியூர் சென்றிருந்த சமயம் பார்த்து, எண்கள் மீதிருந்த பூச்சை ஓர் ஊசியால் சுரண்டி எடுத்து, எச்சில் தொட்டு நெற்றியில் பொட்டாக வைத்துக்கொண்டு, இருட்டறையில் என் தங்கையை அச்சுறுத்த முயன்றேன். அவள் அஞ்சவில்லை, ஒளி அவ்வளவு மங்கல். மாமா திரும்பி வந்ததும் எனக்குக் கிடைத்த அடி மட்டும் மங்கலாக இல்லை. அது கடிகாரத்தைக் கெடுத்ததற்காகக் கிடைத்த அடி. அந்தத் தூளுக்காக என்னை அடித்திருக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தத் தூளின் வரலாற்றைத்தான் இன்று சொல்லப் புகுகின்றேன்.

1898ஆம் ஆண்டின் இறுதியில், பாரிஸ் நகரில் மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவர் பியேர் கியூரியும் ரேடியம் என்னும் புதிய மூலகத்தைக் கண்டறிந்து அறிவித்தனர். அதற்கு இரண்டாண்டு முன்னதாக, யுரேனியத்திலிருந்து கட்புலனாகாத கதிர்கள் வெளிப்படுவதை ஆன்ரி பெக்கரல் கண்டிருந்தார். 1901இல் அதே பெக்கரல், ரேடியம் அடங்கிய சிறு கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தம் உட்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சென்றார். சில நாள்களில், பைக்கு நேர் கீழே தோலில் தீப்புண் போன்ற புண் தோன்றியது. கதிர்வீசும் பொருளை உடலோடு அணிந்து துன்புற்றவர்களுள் முதன்மையானவர் அவரே எனலாம். பியேர் கியூரி வேண்டுமென்றே தம் கையில் ரேடியத்தைக் கட்டிவைத்து, உண்டான புண் ஆறிய விதத்தை நாள்தோறும் குறித்து வைத்தார். ஆகவே, ரேடியம் சதையைத் தின்னும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த உண்மை. இதனை மறவாமல் நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னாளில், "எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னவர்கள் உண்டு.

சதையை அழிக்கும் பொருள் புற்றுநோய்க் கட்டியையும் அழிக்கும் அல்லவா? மருத்துவர்கள் அவ்வாறே பயன்படுத்தினர். கட்டி கரையக் கண்ட உலகம், ரேடியம் அனைத்திற்கும் மருந்து என்று மயங்கிற்று. ரேடியம் கலந்த குடிநீரை விற்றனர், செல்வர்கள் பருகினர். அமெரிக்கச் செல்வர் ஈபன் பையர்ஸ் அத்தகைய நீரைப் புட்டி புட்டியாகக் குடித்து 1932இல் மாண்டார். ரேடியத்தின் விலையோ பொன்னை நாணச் செய்தது. 1921இல் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டிக் கியூரி அம்மையாருக்கு ஒரே ஒரு கிராம் ரேடியத்தைப் பரிசளித்தனர். அதன் விலை ஒரு லட்சம் டாலர்.

இத்துணை அரிய பொருள் எவ்வாறு கடிகாரத்திற்கு வந்தது? துத்தநாக சல்ஃபைடு என்னும் உப்போடு மிகச் சிறிதளவு ரேடியத்தைக் கலந்தால், கதிர்கள் தாக்குந்தோறும் அவ்வுப்பு மினுங்கும். விளக்கும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். முதல் உலகப் போர் மூண்டது. பதுங்குகுழியில் இரவில் நிற்கும் போர்வீரன் சட்டைப் பையிலிருந்து சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துத் தீக்குச்சி கிழித்து மணி பார்த்தால், அதுவே அவனுடைய கடைசி மணியாகிவிடும். ஆகவே கடிகாரம் மணிக்கட்டில் ஏறியது. அதன் எண்களில் ரேடியம் ஏறியது. இன்று நாம் 'அணியும் கருவி' என்று சொல்கிறோமே, அவ்வழக்கத்திற்குப் பதுங்குகுழிகளும் ஒரு காரணம்.

அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு என்னும் ஊரில், பிற்காலத்தில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன் எனப் பெயர் பெற்ற நிறுவனம், கடிகார முகங்களுக்கு இப்பூச்சைத் தீட்டும் தொழிற்சாலையை நடத்திற்று. தீட்டியவர்கள் இளம்பெண்கள். பலருக்கு உங்கள் வயது. சிலருக்கு அதனினும் குறைவு. முகம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. எண்கள் மயிரிழை போல் இருத்தலால் தூரிகையின் முனை கூராக இருக்க வேண்டும். நீரில் கழுவினால் விலையுயர்ந்த பூச்சு வீணாகும். துணியில் துடைத்தாலும் அவ்வாறே. எனவே, தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளுமாறு கற்பித்தனர். உதட்டில் வை, பூச்சில் தோய், தீட்டு. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி வயிற்றுக்குள் சென்றது. இது தீங்கு செய்யுமா என்று வினவிய பெண்களும் உண்டு. செய்யாது என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. அதே தொழிற்சாலையில் ரேடியத்தைப் பிரித்தெடுத்த இரசாயனப் புலவர்களோ, ஈயத் திரைகளுக்குப் பின்னால் நின்று இடுக்கிகளைக் கொண்டு வேலை செய்தனர். மாணவர்களே, இந்த இரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே கூரை, ஒரே பொருள்.

அப்பெண்களின் கூந்தலும் ஆடையும் மாலையில் வீடு திரும்பும்போது ஒளிர்ந்தன. விளையாட்டாக நகங்களிலும் பற்களிலும் பூசிக்கொண்டனர் சிலர். இருட்டில் சிரித்துக் காட்டுவதற்காகப் பல்லில் பூசிக்கொண்ட அப்பெண்ணைப் பற்றிப் படித்தபோது, என் நெற்றிப் பொட்டு நினைவுக்கு வந்தது. சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

முதலில் மாண்டவர்களுள் ஒருவர் மோலி மாகியா. பல் வலி என்று மருத்துவரிடம் சென்றார். பல்லைப் பிடுங்கினார்கள், புண் ஆறவில்லை. அடுத்த பல்லும் அவ்வாறே. இறுதியில் தாடை எலும்பே மருத்துவர் கையோடு பெயர்ந்து வந்தது. 1922 செப்டம்பரில் இறந்தார்; வயது 24. இறப்புச் சான்றில் எழுதிய காரணம் சிபிலிஸ் என்னும் மேகநோய். குற்றமற்ற ஒரு பெண்ணின் உயிரோடு அவள் நற்பெயரும் போயிற்று. இப்பழியை நிறுவனத்தார் பின்னர்த் தம் வழக்கிற்குப் பயன்படுத்திக்கொள்ளத் தயங்கவில்லை.

நோயுற்ற பெண்களின் தொகை வளர்ந்தது. 1924இல் நிறுவனமே ஹார்வர்டு பல்கலைக்கழகத்துச் செசில் டிரிங்கர் என்னும் அறிஞரை அழைத்து ஆராயச் சொல்லிற்று. தொழிற்சாலையெங்கும் தூசி ஒளிர்வதையும், பெண்களின் இரத்தத்தில் மாறுதல் இருப்பதையும் அவர் கண்டார். காரணம் ரேடியமே என்று எழுதிக் கொடுத்தார். நிறுவனத் தலைவர் அவ்வறிக்கையை வெளியிட இசையவில்லை. அதற்கு மாறாக, பெண்கள் அனைவரும் நலமாக உள்ளனர் என்று படும்படி ஆய்வின் முடிவைத் திரித்து மாநிலத் தொழில்துறைக்குத் தெரிவித்தார். ஆராய்ச்சி நடந்தது, உண்மை கிடைத்தது, உண்மை மேசை அறைக்குள் பூட்டப்பட்டது. செய்தி அறிந்த டிரிங்கர் சினமுற்று, 1925இல் தம் ஆய்வைத் தாமே வெளியிட்டார்.

அவ்வாண்டிலேயே மாவட்ட மருத்துவ ஆய்வாளர் ஹாரிசன் மார்ட்லண்ட் இப்பொருளை ஆராயத் தொடங்கினார். நோயுற்ற பெண்களின் மூச்சுக் காற்றைக் கருவிகொண்டு சோதித்தார். அவர்கள் வெளிவிட்ட மூச்சிலேயே ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயு இருந்தது. ரேடியம் வேதியியல் முறையில் சுண்ணாம்புச் சத்தின் உறவினர். உடல் அதனைச் சுண்ணாம்பு என்று நம்பி எலும்பில் சேர்த்து வைக்கிறது. அங்கே அமர்ந்துகொண்டு அது ஆல்ஃபா துகள்களை வீசுகிறது. ஆல்ஃபா துகள் ஒரு தாளைக் கூடத் துளைக்க மாட்டாதது. புறத்தே நின்றால் நம் தோலே அதற்குப் போதிய கவசம். அகத்தே குடிபுகுந்துவிட்டாலோ, கவசம் ஏது? ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் செல்லும். அதாவது, அப்பெண்களின் எலும்புகள் கல்லறையில் இன்றும் கதிர் வீசிக்கொண்டிருக்கின்றன. என் மாமாவின் கடிகாரம் மங்கியதற்கும் காரணம் இப்பொழுது விளங்கும்: அடிபட்டு அடிபட்டு ஓய்ந்தது துத்தநாக உப்பு. அடித்த ரேடியம் ஓயவில்லை.

கிரேஸ் பிரையர் என்னும் பெண் 1917இல், தம் பதினெட்டாம் வயதில், அத்தொழிலில் சேர்ந்தவர். சில ஆண்டுகளில் அதை விட்டு வங்கியொன்றில் பணிக்குச் சென்றவர். முதுகெலும்பு நொறுங்கி, எஃகுச் சட்டம் அணிந்தே அவரால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. வழக்கு நடத்த ஒரு வழக்கறிஞரைத் தேடிப் பிடிக்க அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. 1927இல் ரேமண்டு பெரி என்பவர் முன்வந்தார். கிரேசுடன் கேத்தரின் ஷாப், எட்னா ஹஸ்மன், மோலியின் சகோதரிமார் குவிண்டா மெக்டொனால்டு, அல்பினா லாரிஸ் ஆகியோரும் சேர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் மோலியின் உடலைத் தோண்டி எடுத்தனர். இறந்து ஐந்தாண்டு கடந்த எலும்புகளைப் படச்சுருளோடு இருளில் வைத்தபோது, அவ்வெலும்புகள் தம் படத்தைத் தாமே பதித்தன. மேகநோயின் அறிகுறி எதுவும் இல்லை. தம் சாட்சியத்தையும் தம் நற்பெயரையும் ஒருங்கே மீட்டுக்கொண்டார் அப்பெண்.

சட்டம் என்ன சொல்லிற்று? தீங்கு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்திருக்க வேண்டும் என்றது. எலும்புக்குள் ஐந்தாண்டு ஒளிந்திருந்து வெளிப்படும் நோயைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. 1928 ஏப்ரலில், நிறுவனத்தின் சாட்சிகள் ஐரோப்பாவுக்குச் செல்ல இருக்கிறார்கள் என்ற காரணத்திற்காக விசாரணை செப்டம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. செப்டம்பர் வரை உயிர் தங்குமோ என்று வாதிகள் ஐயுற்றிருந்த நேரம் அது. நாளிதழ்கள் கொதித்தெழுந்தன, வால்டர் லிப்மன் தம் தலையங்கங்களில் வன்மையாகக் கண்டித்தார். ஜூனில் உடன்பாடு ஏற்பட்டது. ஒவ்வொருவருக்கும் 10,000 டாலர் நஷ்டஈடு, ஆண்டுக்கு 600 டாலர் உதவித் தொகை, மருத்துவச் செலவு. அந்தப் பூச்சை உருவாக்கிய மருத்துவர் சபின் வான் சொகோக்கியும் அதே ஆண்டில் அதே ரேடியத்தால் இறந்தார். கிரேஸ் 1933இல் மறைந்தார். இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா ஊரில் வேறொரு நிறுவனத்தின் பெண்கள் நடத்திய போராட்டம் 1938இல் தீர்ப்பைக் கண்டது. அதன் தலைவி கேத்தரின் டோனஹியூ தீர்ப்புக்குப் பின் சில மாதங்களில் உயிர் நீத்தார்.

இவர்களால் உலகிற்குக் கிடைத்தது ஓர் எண். ராப்லி எவன்ஸ் என்னும் விஞ்ஞானி இத்தகையோரின் உடலில் எவ்வளவு ரேடியம் தங்கியிருக்கிறது என்று அளந்து அளந்து தொகுத்தார். அதன் பயனாக 1941இல், மனித உடலில் தங்கக்கூடிய ரேடியத்தின் உச்ச அளவு ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு என்று அமெரிக்க அரசாங்கத் தர நிறுவனம் வரையறுத்தது. சில ஆண்டுகளில் அணுகுண்டுத் திட்டத்தில் புளூட்டோனியத்தைக் கையாண்டவர்களைக் காக்க வகுத்த விதிகளுக்கும் அடித்தளம் அதுவே. எஞ்சிய தொழிலாளரை அமெரிக்க ஆய்வுக்கூடத்தார் 1993வரை தொடர்ந்து ஆராய்ந்தனர்.

சரி, கடிகாரத்தைத் தீட்டியவர்கள் மாண்டார்கள்; அணிந்தவர்கள்? தாடை அரிக்கும் அந்நோய் தீட்டியவர்களின் நோய். அணிந்தவர்களின் நோய் அன்று. ஆல்ஃபா துகள்களைக் கண்ணாடி தடுத்துவிட்டது. காமாக் கதிர்கள் சிறிதளவு வெளிப்பட்டன. அவ்வளவு சிறிதும் வேண்டாம் என்றே 1960களில் ரேடியத்தைக் கைவிட்டு, தீங்கு குறைந்த டிரிட்டியம், புரோமீத்தியம் ஆகியவற்றுக்கு மாறினர். கண்ணாடியை உடைத்துத் தூளை எச்சில் தொட்டுப் பூசிக்கொள்ளும் சிறுவனைப் பற்றி எந்தக் கணக்கும் இல்லை. எனக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் ஒருவனுக்கு ஒன்றும் நேராமை சான்றாகாது என்பதை வகுப்பில் பலமுறை கூறியிருக்கிறேன். என் பொருட்டு அதனை மாற்றிச் சொல்லல் ஆகாது.

இனி, நான் செய்த பிழை. 1980களில் ஒரு நாள் பத்தாம் வகுப்பில் ரேடியத்தின் கொடுமையை உருக்கமாக விவரித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, வானொலிப் பெட்டிக்கு வருவதும் கதிர்தானே? அதுவும் எலும்பை அரிக்குமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, "உட்கார்" என்றேன். அன்று அவன் கேட்டது அறிவுடைய வினா. எனக்குத் தெளிவான விடை தெரியவில்லை என்பதே உண்மை. அவனுக்குத் தர வேண்டிய விடையை நாற்பது ஆண்டுகள் கழித்து என் பேத்திக்குத் தந்தேன்.

கதிர் ஒவ்வொன்றும் சிறு சிறு பொட்டலங்களாகவே ஆற்றலைச் சுமந்து வருகிறது. ரேடியத்தின் ஓர் ஆல்ஃபா துகளின் ஆற்றல் ஏறத்தாழ 48 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட். ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கப் பத்து எலக்ட்ரான் வோல்ட் அளவில் வேண்டும். பெயர்த்தால் உயிரணுவின் உள்ளமைப்பு நேராகச் சிதையும். பேத்தியின் கடிகாரம் கைப்பேசியோடு பேசும் புளூடூத் அலையில் ஒரு பொட்டலத்தின் ஆற்றல், ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் இலட்சத்தில் ஒரு பங்கு. கூடை கூடையாக உமியைக் கொட்டினாலும் கல்லெறிந்த காயம் உண்டாகாது. பாட்டி அஞ்சிய அந்தப் பச்சை ஒளி, நாடியைப் பார்க்க உதவும் சாதாரண விளக்கொளி. அதன் பொட்டலம் புளூடூத் அலையின் பொட்டலத்தைவிட இரண்டு லட்சம் மடங்கு பெரிது. அதற்குக்கூட எலக்ட்ரானைப் பெயர்க்கும் வலிமை இல்லை.

உமி காயப்படுத்தாது, ஆனால் குவிந்தால் மூச்சு முட்டும். கம்பியில்லா அலைகளும் மிகுந்தால் சூடு உண்டாக்கும். நுண்ணலை அடுப்பில் சோறு சூடாவது ஏறத்தாழ இதே அலையினால்தான். அடுப்பின் திறன் எழுநூறு, ஆயிரம் வாட். கடிகாரத்தின் புளூடூத் திறனோ ஒரு வாட்டில் ஆயிரத்தில் சில பங்கு. தனியே சிம் அட்டை பொருத்திய கடிகாரங்களில் இது கூடும். சூட்டைக் கருதியே நாடுகள் வரம்பு விதித்துள்ளன. நம் நாட்டில் கைப்பேசிகளுக்கு விதித்த வரம்பு, உடலின் ஒரு கிலோவுக்கு 1.6 வாட்.

சூட்டுக்கு அப்பாற்பட்ட தீங்கு உண்டா என்னும் வினாவையும் ஆராய்ந்துள்ளனர். 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இவ்வலைகளைப் 'புற்றுநோய் விளைவிக்கக் கூடும்' என்னும் ஐயத்திற்குரிய வகுப்பில் சேர்த்தது. கைப்பேசியை மிகுதியாகக் காதில் வைத்துப் பேசியவர்களைப் பற்றிய சில ஆய்வுகளே அதற்குக் காரணம். அதே வகுப்பில் கற்றாழையின் முழு இலைச் சாறும் இடம்பெற்றிருக்கிறது. இதைக் கேட்ட என் மனைவி, தோட்டத்துக் கற்றாழையைத் திரும்பிப் பார்த்தாள். 2024இல் உலக சுகாதார நிறுவனத்திற்காகப் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், கைப்பேசிப் பழக்கத்திற்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை.

இவற்றையெல்லாம் கேட்டு முடித்த பேத்தி, தான் வென்றுவிட்டதாகப் பாட்டியைப் பார்த்துச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "இந்தக் கடிகாரத்தை அளந்தவர் யார், தாத்தா? விற்றவரா, வேறு ஒருவரா?" என்று கேட்டாள். டிரிங்கரின் அறிக்கை அவள் மனத்தில் தைத்திருந்தது. பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளிருந்த மடிப்புத் தாளில் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து. என் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இருவரும் அரைமணி நேரம் தேடினோம். ஏழாம் பக்கத்தின் அடியில் அந்த எண் இருந்தது. வரம்பிற்கு மிகக் கீழே இருந்தது. சோதித்த கூடத்தின் பெயர் இல்லை. அதனைக் கேட்டு அவளே நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினாள்; பிழை திருத்தி மட்டும் கொடுத்தேன். கடிகாரம் பகலில் அவள் மணிக்கட்டில் இருக்கிறது. இரவில், பாட்டியின் விருப்பப்படி, கூடத்து மாடத்தில் இருக்கிறது.